அரிதான குடும்பப் பெயரின் வேரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் இல்லாத குடும்பப் பெயர் ஒருவருக்கு இருந்தால், என்றாவது ஒரு நாள் அதை இணையத்தில் தட்டிப் பார்ப்பார். உடனே மூன்று விஷயங்கள் வந்து நிற்கும்: "உலகில் 347 பேர்" என்பது போல ஓர் எண்ணிக்கை, பெயருக்கு ஒரு வரியில் பொருள், பக்கத்தில் சிங்கமோ கழுகோ பொறித்த ஒரு கேடயம். இந்த மூன்றையும் அப்படியே நம்பிக் குடும்ப வரலாறு எழுத உட்காருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மாதக்கணக்கில் உழைத்த பிறகுதான் அடித்தளமே தப்பு என்று தெரியவரும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த எண், ஏதோ ஒரு பட்டியலில் ஒரு எழுத்துக்கூட்டல் எத்தனை முறை வந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. எத்தனை குடும்பங்கள் என்பதை அது சொல்லாது. அதே மாதிரி, சொல்லின் வேர் வேறு, அந்தச் சொல்லைச் சுமக்கும் குடும்பத்தின் வேர் வேறு. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

பட்டியலில் இல்லை, அதனால் பெயரே அழிந்துவிட்டது

அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 2010 கணக்கெடுப்பிலிருந்து வெளியிட்ட குடும்பப் பெயர்ப் பட்டியலில் 1,62,253 பெயர்கள் இருக்கின்றன. குறைந்தது 100 பேருக்கு இருக்கும் பெயர்கள் மட்டுமே அதில் உண்டு. 99 பேர் இருந்தால் பெயர் வராது. ஸ்பெயினின் புள்ளியியல் நிறுவனம் 20 பேர் என்று கோடு போடுகிறது. சின்ன எண்ணிக்கையை வெளியிட்டால் தனி மனிதர்களை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் வைத்திருக்கும் வேலி இது. உங்கள் பெயர் வேலிக்கு வெளியே நிற்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் அதிலிருந்து தெரியாது.

பழைய ஆவணங்களில் இது இன்னும் மோசம். அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921-ல் நடந்த தீ விபத்தோடு போய்விட்டது. 1880-ல் ஒரு குடும்பம் தென்படுகிறது, 1900-ல் இல்லை என்றால், நடுவில் இருக்கும் அந்த 20 வருடத்தை நிரப்ப வேண்டிய தாளே கையில் இல்லை. அயர்லாந்தில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901-ஐச் சேர்ந்தது. அதற்கு முந்தியவற்றில் ஒரு பகுதி அரசாலேயே அழிக்கப்பட்டது, இன்னொரு பகுதி 1922-ல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போனது. அயர்லாந்துப் பெயர் ஒன்று 1901-ல் "திடீரென்று தோன்றியது" என்று யாராவது எழுதினால், அந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடலாம்.

எண்ணை எண்ணாகவே பார்ப்பது

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1881-ல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ஒரு பெயர் 50 பேருக்கு இருந்தது, இன்று 100 பேருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டது" என்று எழுதத் தோன்றும். ஆனால் 1881-ல் அங்கே மொத்த மக்கள்தொகை சுமார் 2 கோடியே 60 லட்சம். 2021-ல் 5 கோடியே 96 லட்சம். பத்து லட்சம் பேருக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால், அன்று 1.92, இன்று 1.68. தலைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆனால் பெயர் முன்பைவிட அரிதாகிவிட்டது. மக்கள்தொகை வளர்ந்த அளவுக்கு ஈடுகொடுக்கவே அது 115 பேரைத் தொட்டிருக்க வேண்டும்.

எண் மிகச் சிறியதாக இருந்தால் விகிதத்தையும் நம்பக்கூடாது. 4 பேர் 8 பேர் ஆனால் "100 சதவீத வளர்ச்சி". நடந்தது என்னவோ, ஒரே வீட்டில் நாலு குழந்தைகள் பிறந்ததுதான். பெயர்களின் வரைபடங்களிலும் இதே பொறிதான். மக்கள் குறைவாக இருக்கும் ஒரு வட்டாரத்துக்கு ஒரே ஒரு பெரிய குடும்பம் குடிபெயர்ந்தால்கூட வரைபடத்தில் அந்த இடம் செக்கச்செவேல் என்று ஒளிரும். பெயர் அங்கேதான் பிறந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு வெவ்வேறு காலத்து வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், நாட்டுக்கு நாடு எண்ணும் முறையே வேறு. ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். அதனால் முதல் பெயராக எத்தனை பேர், இரண்டாம் பெயராக எத்தனை பேர், இரண்டுமாக எத்தனை பேர் என்று மூன்று எண்களைத் தருகிறார்கள். இவற்றைக் கூட்டினால் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எண்ணுவீர்கள். கூட்டிய எண்ணை, ஆளுக்கு ஒரு குடும்பப் பெயர் வைத்திருக்கும் நாட்டோடு ஒப்பிட்டால் கேட்கவே வேண்டாம். தென்கொரியாவின் 2000 கணக்கெடுப்பில் பாரம்பரியமான குடும்பப் பெயர்கள் 286. 2015-ல் 5,582! பதினைந்து வருடத்தில் கொரியர்கள் ஐயாயிரம் பெயர்களைப் புதிதாகப் படைத்துவிடவில்லை. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர்களின் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. பாரம்பரியக் கொரியப் பெயர்களுக்கு இருக்கும் சீன எழுத்து வடிவம், அந்த 5,582-ல் 4,075 பெயர்களுக்குக் கிடையாது.

"உலகம் முழுவதும் இத்தனை பேர்" என்று கடைசி இலக்கம் வரை சொல்லும் எண்களை நான் எங்குமே மேற்கோள் காட்டுவதில்லை. உலகம் முழுவதற்குமான குடும்பப் பெயர்ப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. தொலைபேசிப் பட்டியல், வாக்காளர் பட்டியல், அங்கங்கே கிடைத்த கணக்கெடுப்பு ஆகியவற்றை வைத்துப் போடும் மதிப்பீடுதான் அது. பெரிய பெயர்களுக்கு அந்த மதிப்பீடு ஓரளவு நிற்கும். அரிதான பெயரில் ஒரு குடும்பம் விடுபட்டாலே கணக்கு தலைகீழாகிவிடும்.

பிழையைப் பெயர் என்று எண்ணுவது

2000 அமெரிக்கக் கணக்கெடுப்பில் சுமார் 60 லட்சம் வெவ்வேறு குடும்பப் பெயர் வடிவங்கள் பதிவாகின. அவற்றில் பாதிக்கும் மேல் ஒரே ஒருவருக்கு மட்டும் இருந்தவை. ஆளுக்கு ஒரு பெயராக இத்தனை லட்சம் பெயர்கள் உண்மையில் இருக்க வாய்ப்பில்லை. கையால் எழுதியதை இயந்திரம் தவறாகப் படித்தது, எழுதியவரே ஓர் எழுத்தை விட்டது, இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டது, எல்லாமே அந்தக் கணக்கில் தனித்தனிப் பெயர்களாக நிற்கின்றன.

பழைய ஆங்கிலக் கையெழுத்தை ஒரு முறை உருப்பெருக்கிப் பாருங்கள். 'என்' எழுத்தும் 'யு' எழுத்தும் மேலும் கீழுமாக இரண்டு கோடுகள், அவ்வளவுதான். எது எது என்று பக்கத்து எழுத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். சொல்லின் நடுவே வரும் நீண்ட 'எஸ்', 'எஃப்' போலவே இருக்கும். இந்த ஏட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் ஒரு கோட்டைத் தவறாகப் படித்தாலே, உலகில் எங்கும் இல்லாத ஒரு "அரிய பெயர்" பிறந்துவிடுகிறது. உங்கள் பெயர் ஒரே ஒரு ஏட்டில், ஒரே ஒரு முறை வந்திருந்தால், தட்டச்சுப் பட்டியலோடு நிற்காமல் அசல் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். அதே எழுத்தர் அதே பக்கத்தில் மற்றச் சொற்களில் அந்த எழுத்தை எப்படிப் போட்டிருக்கிறார் என்று ஒப்பிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஒலியை வைத்துத் தேடும் 'சவுண்டெக்ஸ்' முறை இதற்குக் கைகொடுக்கும். 1918-ல் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்ற இந்த முறை, ஒரு பெயரை முதல் எழுத்து, பிறகு மூன்று இலக்கங்கள் என்று சுருக்குகிறது. 'ராபர்ட்', 'ரூபர்ட்' இரண்டுக்கும் ஒரே குறியீடு, ஆர்163. ஆனால் முதல் எழுத்து மாறினால் கைவிட்டுவிடும். ஆங்கிலத்தில் 'நைட்' என்ற பெயரை முன்னால் ஓசையில்லாத 'கே' போட்டு எழுதினால் குறியீடு கே523, அதில்லாமல் எழுதினால் என்230. காதுக்கு ஒரே பெயர்தான், தேடலுக்கோ சம்பந்தமே இல்லாத இரண்டு பெயர்கள். எனவே முதல் எழுத்தை மாற்றி மாற்றியும் தேடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு கதை: "நியூயார்க்கின் எலிஸ் தீவில் குடியேற்ற அதிகாரி எங்கள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்." எத்தனையோ குடும்பங்களில் சொல்லப்படுவது, ஆனால் நடைமுறை அப்படி இல்லை. பயணிகளின் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. தீவில் இருந்த அதிகாரிகள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர்கள் பெரும்பாலும் பிறகு, வேலையிலும் பள்ளியிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும், குடும்பத்தார் விருப்பத்தோடே மாறின. மாறிய வடிவத்தைத் தேட வேண்டிய இடமும் அந்த ஆவணங்கள்தான்.

சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் குடும்பத்தின் கதை தெரிந்துவிடும்

நெதர்லாந்தில் 'நாக்ட்கெபோரன்' என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. இன்றைய டச்சு மொழியில் படித்தால் "நிர்வாணமாகப் பிறந்தவர்". 1811-ல் நெப்போலியன் எல்லோரும் குடும்பப் பெயர் பதிய வேண்டும் என்று ஆணையிட்டதும், டச்சுக்காரர்கள் கேலிக்காக இப்படிப் பெயர்களைக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் ஜெர்மன் மொழியின் 'நாக்கெபோரன்' என்பதிலிருந்து வந்தது, "பின்னால் பிறந்தவர்", அதாவது தகப்பன் இறந்த பிறகு பிறந்த பிள்ளை. எல்லை தாண்டியபோது ஓசை பழக்கமான ஒரு சொல்லாகத் திரிந்துவிட்டது. ஒரு விதவையின் துயரம் இருநூறு வருடமாகக் கேலிக்கதையாகச் சொல்லப்பட்டு வருகிறது. பெயரின் இன்றைய வடிவத்தை இன்றைய அகராதியில் வைத்துப் பொருள் சொன்னால் இதுதான் நடக்கும்.

சில இடங்களில் சொல்லுக்கும் குடும்பத்துக்கும் தொடர்பே இராது. பிலிப்பைன்ஸில் 1849-ல் ஸ்பானிய ஆளுநர் நார்சிஸோ கிளாவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். அச்சிட்ட பெயர்ப் பட்டியல் ஒன்றிலிருந்து குடும்பங்களுக்குப் பெயர் ஒதுக்கினார்கள். சில ஊர்களுக்குப் பட்டியலின் ஒரே எழுத்துப் பக்கங்கள் போய்ச் சேர்ந்தன. அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் குவிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம். அப்படி வந்த ஸ்பானியப் பெயரை வைத்து ஸ்பெயினில் மூதாதையரைத் தேடுவது வீண் அலைச்சல். ஸ்வீடனில் படைவீரர்களுக்குச் சேனை வைத்த பெயர்கள் உண்டு: 'ராஸ்க்' என்றால் சுறுசுறுப்பானவர், 'மோடிக்' என்றால் துணிந்தவர். ஒரு வீரர் விலகி, அவருக்கென்று ஒதுக்கியிருந்த அதே குடிசைக்கு அடுத்தவர் வந்தால், பல நேரம் அந்தப் பெயரும் அவருக்கே போகும். ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே பெயர், ஆனால் ரத்த உறவு கிடையாது.

அரிது என்றால் பழமை என்று நினைப்பதும் தவறு. தாய்லாந்தில் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தது 1913-ல். ஒரு குடும்பத்தின் பெயரை இன்னொரு குடும்பம் வைக்கக்கூடாது என்பதால், அங்கே கிட்டத்தட்ட எல்லாப் பெயர்களுமே அரிதானவை, கிட்டத்தட்ட எல்லாமே புதியவை. துருக்கியில் சட்டம் 1934-ல் வந்தது, ஜப்பானில் எல்லோருக்கும் கட்டாயம் ஆனது 1875-ல். தேடும் நாட்டில் குடும்பப் பெயர் எப்போது கட்டாயம் ஆனது என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டால் எத்தனையோ கற்பனை வம்சாவளிகள் எழுதப்படாமலே போகும்.

கேடயச் சின்னம் பற்றிச் சுருக்கமாக: குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. லண்டனில் 1484 முதல் இயங்கும் மரபுச் சின்னங்களுக்கான அமைப்பும் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுகிறது, அவருடைய நேரடி வாரிசுகளுக்குப் போகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் உரிமை வந்துவிடாது.

மரபணுச் சோதனை எல்லாவற்றையும் முடித்துவைக்கும்

பெரும்பாலும் தகப்பன் வழியாக இறங்கும் குடும்பப் பெயரும், ஆண்களிடம் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமும் சேர்ந்தே பயணிக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் மரபணு ஆய்வாளராக இருந்த பிரையன் சைக்ஸ் 2000-ல் தன் குடும்பப் பெயரையே எடுத்துச் சோதித்தார். 'சைக்ஸ்' என்றால் எல்லையாக ஓடும் சிற்றோடை. அப்படி ஓடை எங்கும் இருக்குமே, அதனால் பெயர் பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சோதித்த 48 ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. ஒரே மூதாதையரிடமிருந்து பெயர் வந்திருக்கலாம் என்பதற்கு அது வலுவான தடயம். மீதிப் பாதி? தத்து, மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள், தாய்வழியில் எடுத்த பெயர் என்று நூற்றாண்டுகளில் எவ்வளவோ நடக்கும்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 2009-ல் 40 பிரிட்டிஷ் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களைப் பரிசோதித்தபோது, பெயர் அரிதாக அரிதாகப் பொது மூதாதையர் இருக்கும் வாய்ப்பு கூடியது. 'ஸ்மித்' போன்ற பெயரில் அப்படி எதுவும் தெரியவில்லை. அரிய பெயர் உள்ளவர்களுக்கு இது உற்சாகமான செய்திதான். ஆனாலும் உங்கள் முடிவு பொருந்தவில்லை என்றால், ஏட்டில் இருக்கும் உங்கள் கொள்ளுப்பாட்டனார் பொய்யாகிவிட மாட்டார். வளர்த்த வம்சம் ஒன்று, பெற்ற வம்சம் ஒன்று என்று இரண்டையும் எழுதலாம். சோதனைக்கு முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிடுங்கள். அவர்கள் காலமெல்லாம் மனதில் பூட்டி வைத்த விஷயம் ஒரு மின்னஞ்சலில் வந்து விழக்கூடாது.

கடைசியாக, கண்டுபிடித்ததை வெளியிடும்போது. 40 பேரே வைத்திருக்கும் பெயரில், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியும் தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்ந்து வெளியானால், அவர்களுடைய வங்கிக் கணக்கின் பாதுகாப்புக் கேள்விக்கு விடையே கிடைத்த மாதிரி. உயிரோடு இருப்பவர்களை விட்டுவிடுங்கள். எண்ணிக்கை எழுதும்போது எந்த நாடு, எந்த வருடம், எந்தப் பட்டியல், எந்த எழுத்துக்கூட்டல் என்று நான்கையும் பக்கத்திலேயே குறியுங்கள். உதாரணமாக: "1881 கணக்கெடுப்பு, இங்கிலாந்தும் வேல்ஸும், தட்டச்சுப் பட்டியல், இந்த எழுத்துக்கூட்டலில் 50 பேர், அசல் ஏட்டைப் பார்த்ததில் 6 பேர் வேறு பெயர், சரியானது 44." பின்னால் வருகிறவர் இந்த ஒரு வரியை வைத்து வேலையைத் தொடர முடியும்.