மென்பொருளை வாசிப்பது எப்படி: வண்ணாரப்பேட்டைக் கடையிலிருந்து

பழைய வண்ணாரப்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் ஃபார்ம் எல்லாம் உண்டு. விஸ்காம் படிக்கிற பிள்ளைகள் பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வருவார்கள். சினிமாவை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். "நாள் முழுக்கக் கையில் இருக்கிற ஆப்பையும் இப்படிப் பிரிக்கலாமே" என்றால், "கோடிங் தெரியாதேக்கா" என்பார்கள். தெரிய வேண்டாம். ஊடகத்தைப் படிக்கிறவர்கள் மென்பொருளையும் படிக்க வேண்டும் என்று லெவ் மனோவிச் என்ற ஆய்வாளர் 2001-இலேயே எழுதியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் நான் சொல்கிறேன்.

உங்களுக்காக ஆப்பைத் திறக்காதீர்கள். உங்களுக்கு அது பழகிப் போயிருக்கும். உங்கள் தெருவில் யாராவது ஒருவருக்காக நிரப்பிப் பாருங்கள். காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஃபார்மில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். இனிஷியலைப் போட்டேன். ஓர் எழுத்து போதாது என்று தள்ளிவிட்டது. அப்பா பெயரை முழுசாகப் போட்டதும் அவர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அது எங்கப்பா பேராச்சேம்மா, எனக்கு எப்டி கடைசிப் பேரு ஆவும்?" அந்தக் கேள்விதான் உங்கள் கட்டுரை. அந்தக் கட்டத்தை வரைந்தவர் மனதில் குடும்பப் பெயர் வைத்திருக்கிற ஓர் ஆள் இருந்திருக்கிறார். அந்த ஆள் யார் என்று தேடுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் எது கட்டாயம், எதை ஏற்க மறுக்கிறது, நாம் தொடுவதற்கு முன்பே எது நிரம்பியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதற்கு இடமே இல்லை என்பதையும் எழுதுங்கள். எங்கள் பக்கம் பல வீட்டுக்குப் புது எண், பழைய எண் இரண்டும் உண்டு. தபால்காரருக்கு இரண்டும் புரியும். எண்ணை மட்டும் வாங்கும் கட்டத்துக்கு நடுவில் இருக்கிற சாய்கோடு புரியாது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. போனில் 'கொ' என்று அடித்துவிட்டு ஒருமுறை அழியுங்கள். பெரும்பாலும் 'க' மிஞ்சி நிற்கும். நமக்கு அது ஓர் எழுத்து. கணினிக்கு 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று. 'வண்ணாரப்பேட்டை'யை விரல் விட்டு எண்ணுங்கள், எட்டு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கிற யூனிகோடு அட்டவணையின் கணக்கில் 14. ஒரே எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 என்றால், நம் எழுத்துக்கு அதிலும் குறைவாகத்தான் கிடைக்கிறது.

இங்கே நிறுத்திவிடாதீர்கள், இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நம் இலக்கணத்தில் 'க்' அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்தால் 'க'. யூனிகோடில் தலைகீழ்: 'க' அடிப்படை, அதன்மேல் புள்ளி வைத்தால் 'க்'. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக 1980-களில் இங்கே போட்ட இஸ்கி அட்டவணையின் வழியில் யூனிகோடு போனதால் வந்தது இது. மெய்யின் இயல்பே புள்ளியோடு நிற்பது என்கிறது தொல்காப்பியம். அந்தப் புள்ளியைப் பிறகு ஒட்டவைக்கும் குறியாக்கிய முடிவு ஒவ்வொரு தமிழ்ப் போனுக்குள்ளும் இருக்கிறது. டிடிபி வேலையில் இத்தனை வருஷம் அடித்தும், இது புரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம், திரைக்கு வெளியேயும் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு போன் என்று ஆப் நினைக்கிறது. என் கடைக்கு வருகிற அம்மாவின் ஓடிபி அம்பத்தூரில் வேலை செய்யும் மகனுக்குப் போகும். அவர் கடை போனில் மகனைக் கூப்பிட்டு, அவன் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடியும் கூப்பிடுவோம். அந்த அம்மா, மகன், நான் மூன்று பேரும் சேர்ந்துதான் அந்த ஆப் ஓடுகிறது. இதை ஸ்கிரீன்ஷாட்டில் பிடிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுத வேண்டும். பேச்சை அப்படியே எழுதுங்கள், யாருடைய பெயரும் எண்ணும் வேண்டாம்.

இன்றைக்கே தொடங்க வேண்டுமானால், வீட்டில் அம்மாவிடம் கேட்டு அவர் போனின் காண்டாக்ட் பட்டியலைத் திறங்கள். முதல் பெயர் கட்டத்தில் 'தண்ணி கேன்', கடைசிப் பெயர் கட்டத்தில் 'அண்ணன்' என்று இருக்கலாம். ஏன் அப்படிப் போட்டார் என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை முதல் வரியாக எழுதுங்கள்.