கமாண்டோ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: வரைபடக் காட்சியில் தொடங்குங்கள்

பிரிட்டிஷ் கமாண்டோ படங்களுக்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டு. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஓர் அறை, சுவரில் வரைபடம், கையில் குச்சியோடு ஓர் அதிகாரி. எங்கே போகணும், எதைத் தகர்க்கணும், எப்போதுக்குள் என்று எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடுவார். அப்புறம் இரண்டு மணி நேரம் துப்பாக்கிதான் பேசும். அதனால் சப்டைட்டில் எழுத உட்காரும்போது முதல் வசனத்தில் தொடங்காதீர்கள். அந்த அறைக் காட்சியை முதலில் எழுதி முடித்துவிட்டு மற்றதுக்குப் போங்கள்.

மும்பைத் தமிழர்களுக்குத் திரையிட 'தி சீ வுல்வ்ஸ்' (1980) பொருத்தமான படம், கதை நடப்பது பக்கத்துக் கோவாவில். 1943 மார்ச்சில் மர்மகோவா துறைமுகத்தில் நின்ற ஏரன்ஃபெல்ஸ் என்ற ஜெர்மன் கப்பலைத் தாக்கிய உண்மைச் சம்பவம் அது. கோவா அப்போது போர்ச்சுகல் கையில். போர்ச்சுகலோ போரில் சேராத நாடு. பிரிட்டிஷ் ராணுவம் சீருடையோடு உள்ளே போக முடியாது. அதனால்தான் கல்கத்தா லைட் ஹார்ஸ் என்ற தன்னார்வப் படையைச் சேர்ந்த, தலை நரைத்த கிளப்காரர்களை அனுப்புகிறார்கள். முழுப் படமும் 'நியூட்ரல்' என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அங்கே 'நடுநிலை நாடு' என்று வர வேண்டும். 'பொதுவான இடம்' என்று எழுதினால், இத்தனை வயசானவர்களை எதுக்கு அனுப்புகிறார்கள் என்று பார்ப்பவருக்கு விளங்கவே விளங்காது. மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே விட்டால் 'லைட் ஹார்ஸ்' 'இலேசான குதிரை' ஆகிவிடும் அபாயமும் இருக்கிறது. படைப்பிரிவின் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. முதல் தடவை மட்டும் 'கல்கத்தா லைட் ஹார்ஸ் படை' என்று போட்டால் போதும்.

அறைக் காட்சி முடிந்ததும் ஒரு தாளில் சொற்பட்டியல் போடுங்கள். ஆள் பெயர், பதவி, ஊர், ஆயுதம், சங்கேதப் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பெயருக்குப் படம் முழுக்க ஒரே எழுத்துக்கூட்டு. 'வேர் ஈகிள்ஸ் டேர்' (1968) படத்தில் வயர்லெஸ் அழைப்புப் பெயர்கள் பிராட்ஸ்வோர்ட், டேனி பாய். அவற்றை 'அகலவாள்' என்றெல்லாம் தமிழாக்கினால் அரங்கம் சிரிக்கும். பதவிகளில் கேப்டன்தான் பெரிய வம்பு. கடற்படைக் கேப்டன் ராணுவக் கர்னலுக்குச் சமம், ராணுவக் கேப்டனோ மேஜருக்கும் கீழே. இருவரும் ஒரே காட்சியில் வந்தால் 'கடற்படைக் கேப்டன்' என்று பிரித்து எழுதுங்கள். (நம் ஆட்களுக்குக் கேப்டன் என்றால் விஜயகாந்த்தான் ஞாபகம் வருவார், அதற்கு மருந்து கிடையாது.)

பொருள்களுக்குத் தமிழில் புழங்கும் சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'தி ஹீரோஸ் ஆஃப் டெலிமார்க்' (1965) நார்வேயின் வெமோர்க் ஆலை பற்றியது. அங்கே தயாரான 'ஹெவி வாட்டர்' நமக்குப் புதிதல்ல, தூத்துக்குடியில் கனநீர் ஆலையே அமைத்தார்கள். 'கனமான தண்ணீர்' என்று எழுதுவானேன்? கப்பலின் அடியில் காந்தத்தால் ஒட்டவைக்கும் லிம்பெட் மைனுக்கு 'ஒட்டுவெடி' என்றால் பார்த்தவுடன் புரியும். 'டைம் பென்சில்' வந்தால் உஷார். அது பென்சில் பருமனில் இருக்கும் தாமத வெடிதூண்டி. வெறும் 'பென்சில்' என்று போட்டால் கமாண்டோ எதையோ எழுதப்போகிறான் என்று நினைப்பார்கள்.

பேச்சின் தொனிதான் கஷ்டமான வேலை. பிரிட்டிஷ் அதிகாரி ஆபத்தைக் குறைத்தே பேசுவார். 'தி காக்கிள்ஷெல் ஹீரோஸ்' (1955) படத்துக்கு அடிப்படையான 1942 டிசம்பர் தாக்குதலில் 10 பேர் 5 சிறுபடகுகளில் கடலில் இறங்கினார்கள், உயிரோடு திரும்பியது 2 பேர். அப்படிப்பட்ட வேலையைப் பற்றி ஒருவர் 'கொஞ்சம் சங்கடமான காரியம்' என்றால் நீங்களும் அவ்வளவே எழுதுங்கள். 'உயிருக்கே உலை வைக்கும் பணி' என்று ஊதிவிட்டால் அந்த ஆளின் குணமே போய்விடும். 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' (1961) படத்தில் வெடிமருந்து நிபுணரான கார்ப்பரல் மில்லர் மேலதிகாரியோடு மோதிக்கொண்டே இருப்பார். கோபம் வந்ததும் அவர் வாயில் 'நீ' போடத் தோன்றும், போடாதீர்கள். 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், சார்' என்ற மாதிரி மரியாதைக்குள்ளேயே குத்தலை வையுங்கள். இது தமிழுக்குக் கைவந்த கலைதானே.

பேச்சுத்தமிழில் எவ்வளவு தூரம் போகலாம்? செம்பூரிலும் தாராவியிலும் வளர்ந்த பிள்ளைகள் பலர் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். 'வந்துட்டிருக்கான்' என்பதைவிட 'வருகிறான்' அவர்கள் கண்ணில் சீக்கிரம் ஏறும். போகணும், வேணாம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால் வாசிப்பு வேகத்தையும் குறைக்க வேண்டும். விநாடிக்கு 10, 11 எழுத்து, வரிக்கு 25 எழுத்து, இரண்டே வரி. மென்பொருள் காட்டும் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். 'துப்பாக்கி' நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் மென்பொருளுக்கு அது 10. எனவே மென்பொருளில் வரம்பை விநாடிக்கு 18 என்று வையுங்கள், ஏறக்குறைய சரியாக வரும். எந்த சப்டைட்டிலும் ஒரு விநாடிக்குக் குறையவோ ஆறு விநாடிக்கு மேல் நிற்கவோ வேண்டாம். வெடி வெடிக்கும் நொடியில் திரையில் எழுத்தே இருக்கக் கூடாது.

எழுத்து வசனத்தைவிட்டு விலகினால் எப்படி விலகுகிறது என்று பாருங்கள். தொடக்கம் முதல் ஒரே அளவு தள்ளி வந்தால் மொத்தத்தையும் நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போகக் கூடினால் பிரேம் வேகம் வேறு. இந்தியாவில் விற்ற டிவிடிகளில் பல விநாடிக்கு 25 பிரேம், ப்ளூரே பெரும்பாலும் 23.976. நவரோன் 158 நிமிடப் படம். டிவிடிக்கு எழுதியதை ப்ளூரேயில் ஓட்டினால் கடைசியில் ஆறு நிமிடத்துக்கு மேல் முந்தி வந்து நிற்கும். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது, கையால் திருத்த வேண்டாம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று தாவினால் அது காட்சிகளைக் கூட்டியோ குறைத்தோ வெட்டிய வேறு பிரதி.

சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லையென்றால் கேள்விக்குறி மழைதான். டிவியின் யுஎஸ்பி துளையில் செருகினால் சில டிவிகளில் 'கொ' மூன்று துண்டாக உடையும். அது கோப்பின் தப்பல்ல, டிவிக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. மடிக்கணினியில் விஎல்சி பிளேயர், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, அங்கிருந்து எச்டிஎம்ஐ கம்பி என்று போய்விடுங்கள். ஈகிள்ஸ் டேரிலும் டெலிமார்க்கிலும் பாதிப் படம் பனி. வெள்ளை எழுத்து அதில் கரைந்துவிடும் என்பதால் கறுப்பு விளிம்பு கட்டாயம். உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலமான படத்தை 1080 வரித் திரையில் ஓட்டினால் கீழே சுமார் 130 வரி கறுப்புப் பட்டை கிடைக்கும், இரண்டு வரித் தமிழ் அதற்குள் அடங்கும்.

'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957) போடுவதாக இருந்தால் ஒரு கூடுதல் வேலை. படத்தின் பின்னணி, போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதை. அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளமாக மாண்டார்கள், படத்தின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. இல்லாததைச் சப்டைட்டிலில் நுழைக்காதீர்கள். அரைப் பக்கக் குறிப்பாக அச்சடித்து வாசலில் கொடுங்கள்.

வீட்டில் பார்ப்பது வேறு, சங்க மண்டபத்தில் கூட்டம் சேர்த்துப் போடுவது வேறு. அதற்கு உரிமையாளரின் அனுமதி வாங்க வேண்டும். மண்டபத்தில் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலரை அடி உயரத்திலாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் இரண்டாவது வரியைத் தின்றுவிடும். கூரை தகரமாக இருந்து மாதம் ஜூலையாகவும் இருந்தால் மழைச் சத்தத்தில் ஒரு வசனம் காதில் விழாது. அதனால் ஒத்திகையைச் சத்தமே இல்லாமல் பாருங்கள். படம் பார்த்திராத ஒருவரை உட்காரவைத்து, அறைக் காட்சி முடிந்ததும் நிறுத்தி, யார், எங்கே, எப்போதுக்குள் என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு அவர் விழித்தாலும் அந்தக் காட்சியைத் திரும்ப எழுதுங்கள்.