அடித்தாடுபவர் பூப்பந்து மட்டையைச் சோதிக்கும் முறை

பினாங்கில் பூப்பந்து மட்டை வாங்கச் செல்பவர், வண்ணத்தில் மயங்குவதற்கு முன், அதன் தண்டை ஒரு விரலின்மேல் கிடத்தி, எந்த இடத்தில் அது சாயாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்விடம் கைப்பிடியின் அடியிலிருந்து ஏறத்தாழ 295 மில்லிமீட்டரைத் தாண்டினால், மட்டையின் தலை கனமானது. பந்தை மேலிருந்து ஓங்கிக் கீழ்நோக்கி அடிக்கும் ஸ்மாஷுக்கு அந்தக் கனம் துணை நிற்கும். ஆனால், நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வைக்காகக் கைப்பிடியில் கூடுதல் பட்டை சுற்றினால், சமநிலை கைப்பக்கம் நகர்ந்துவிடும் என்பதால், சுற்றிய பிறகே அளப்பது நல்லது.

அடுத்து, பின்கோட்டருகே நின்று 20 ஸ்மாஷ்களைத் தொடர்ந்து அடித்துப் பாருங்கள். முதல் ஐந்து எந்த மட்டையிலும் இனிக்கும். கடைசி ஐந்தில் பந்து வலையில் விழத் தொடங்கினால், தண்டின் விறைப்போ தலைக்கனமோ உங்கள் கைக்கு மிஞ்சியது என்றே நான் கொள்வேன். எதிராளியின் ஸ்மாஷைத் தடுக்க மட்டை உடனே திரும்புகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.