மரப்பாச்சிக்குக் கட்டில், துணிப்பொம்மைக்கு நாற்காலி

மரப்பாச்சிக்கு முழங்கால் மடங்காது. கொலுப்படியில் நேராக நிற்பதற்காகச் செதுக்கப்பட்ட அந்தப் பொம்மையை நாற்காலியில் உட்கார வைக்க இயலாது என்பதை, நாற்காலியைச் செய்து முடித்த பிறகுதான் நான் உணர்ந்தேன். என் மகள் அதை இரண்டு முறை சாய்த்து வைத்துப் பார்த்தாள்; இரண்டு முறையும் அது சறுக்கி விழவே, நாற்காலியைக் கவிழ்த்து அடுப்பாக்கிக்கொண்டாள். ஆகவே, மரவாடிக்குப் போவதற்கு முன் குழந்தையிடம் உள்ள பொம்மையை வாங்கி, அது படுக்குமா, உட்காருமா, நிற்குமா என்று பார்த்து, அதன் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மரப்பாச்சிக்குக் கட்டிலும் தொட்டிலும் பொருந்தும். துணிப்பொம்மைக்கு நாற்காலியும் ஊஞ்சலும் பொருந்தும்.

அளவுகளைப் பொம்மையிடமிருந்து எடுக்க வேண்டும் என்றாலும், உறுதியைக் குழந்தையை எண்ணித்தான் தீர்மானிக்க வேண்டும். நூறு கிராம்கூடத் தேறாத பொம்மைக்குச் செய்த கட்டிலின் மீது, பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தை ஒருநாள் ஏறி நிற்கும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய பொம்மைச் சாமான்கள் சில வாரங்களில் உடைந்துபோவதற்குக் காரணம் இதை எண்ணிப் பார்க்காததே.

தச்சர்களிடம் மிஞ்சும் தேக்குத் துண்டுகள் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவை. எடைபோட்டுக் கேட்டால் மலிவாகவே கிடைக்கும். வேம்பும் ரப்பர் மரமும் நன்றாக இழைபடும். பொருள்கள் வந்து இறங்கும் பைன் பேக்கிங் பலகையையும் பயன்படுத்தலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த பலகையில் கதிர் போன்ற சின்னத்துடன் குத்தப்பட்டிருக்கும் முத்திரையைப் படித்துப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் அது சூட்டில் பதப்படுத்தப்பட்டது, ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஏற்றப்பட்டது, அதைத் தொட வேண்டாம். பழைய கதவு, சன்னல் மரத்தில் பெயின்ட் இருந்தால் அதையும் தவிர்ப்பது நல்லது. வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017இல்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டைத் தேய்த்தால் பறக்கும் தூசியில் என்ன இருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

இனி, 30 செ.மீ. உயரமுள்ள பொம்மைக்கு ஒரு நாடாக் கட்டில் செய்யும் முறையை விரிவாகச் சொல்கிறேன். குறுக்குச் சட்டங்களைப் பரப்பிய கட்டிலைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம், கழன்று விழும் சிறு துண்டுகள் இதில் இல்லை என்பதும், குழந்தை மிதித்தாலும் நாடா இழுத்துக் கொடுக்கும் என்பதுமே. இரண்டரை செ.மீ. சதுரக் கால்கள் நான்கு வேண்டும். தலைமாட்டுக் கால்கள் 16 செ.மீ., கால்மாட்டுக் கால்கள் 9 செ.மீ. நீளமுள்ளவை. ஒன்றரை செ.மீ. கனமும் 3 செ.மீ. உயரமும் கொண்ட ரீப்பரில் 34 செ.மீ. நீளத்துக்கு இரண்டு சட்டங்களும், 16 செ.மீ. நீளத்துக்கு மூன்று சட்டங்களும் அறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது குட்டைச் சட்டம் தலைமாட்டின் மேற்பகுதிக்கு உரியது. இணையான சட்டங்களைத் தனித்தனியே அளந்து அறுக்காமல், ஒன்றாகச் சேர்த்துக் கட்டி ஒரே கோட்டில் அறுத்தால் அரை மில்லிமீட்டர்கூட வேறுபடாது. அந்த வேறுபாடுதான் பின்னால் கட்டிலை ஆட வைக்கும்.

ஆணியும் திருகாணியும் இதில் வேண்டவே வேண்டாம். சிறிய மரம் ஆணியால் பிளக்கும். பிளக்காவிட்டாலும், மரம் வெயிலிலும் மழையிலும் சுருங்கி விரியும்போது ஆணித்தலை மெல்ல வெளியே வந்து கையைக் கீறும். அதற்குப் பதிலாக மூங்கில் முளை போடுங்கள். 4 மி.மீ. மூங்கில் குச்சியை 2.8 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு வீதம் வைத்துக்கொள்ளுங்கள். துளை, காலில் 1 செ.மீ. ஆழமும் சட்டத்தின் முனையில் 2 செ.மீ. ஆழமும் இருக்கட்டும், காலில் அதற்கு மேல் ஆழமாகத் துளைத்தால், அடுத்த பக்கத்திலிருந்து வரும் முளையோடு மோதிவிடும். டிரில் முனையில் அந்த அளவில் ஒட்டுத்தாளைச் சுற்றிவிட்டால் ஆழம் மாறாது. இரு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் அமைவதற்கு ஓர் எளிய வழி உண்டு: சட்டத்தின் துளைகளை முதலில் போட்டு, அவற்றின் வாயில் கரி தடவி, காலின் மீது அழுத்தி எடுத்தால் துளையிட வேண்டிய இடம் பதிந்துவிடும்.

சட்டங்களின் நான்கு விளிம்புகளையும் ஒட்டுவதற்கு முன்பே உருட்டித் தேய்த்துவிடுங்கள், ஏனெனில் கூரான விளிம்பு நாடாவை அறுத்துவிடும். பிறகு தலைமாட்டையும் கால்மாட்டையும் தனித்தனியே ஒட்டி, மூலைமட்டம் வைத்துப் பார்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அவை காய்ந்த பின் நீளச் சட்டங்களால் இணையுங்கள். வெள்ளைப் பசை ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டதுபோல் தோன்றினாலும், முழு வலிமை பெறுவதற்கு ஒரு நாள் ஆகும். வழிந்த பசையை ஈரத்துணியால் அப்போதே துடைக்காவிட்டால், அந்த இடத்தில் பாலிஷ் ஏறாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

தேய்ப்பில் அவசரம் கூடாது. 80ஆம் எண் உப்புக்காகிதத்தில் தொடங்கி, 120, 180 என்று போய், மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். 180 முடிந்ததும் ஈரத்துணியால் முழுவதையும் ஒருமுறை துடைத்து உலர விடுங்கள். படுத்திருந்த மர நார்கள் எழுந்து, மேற்பரப்பு மீண்டும் சொரசொரப்பாகும். அதை 220ஆல் மெல்ல நீக்கிவிட்டால், பின்னர் குழந்தையின் எச்சிலோ தண்ணீரோ பட்டாலும் சிராய் எழாது. தேய்த்து முடிந்ததற்குச் சோதனை, பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பார்ப்பதுதான். கண்ணுக்குத் தெரியாத சிராயும் அதில் சிக்கும்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, குழந்தை வாயில் வைக்கும் என்று எண்ணியே முடிவெடுக்க வேண்டும். அரக்குச் செதில்களைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் பூசும் மெல்லிய பாலிஷ், காய்ந்த பிறகு தீங்கற்றது. மாத்திரைகளின் மேற்பூச்சுக்கும் அரக்கு பயன்படுகிறது. தேன்மெழுகு ஒரு பங்கும், உணவுத் தரத்திலான மினரல் எண்ணெய் நான்கு பங்கும் சேர்த்து வெந்நீர்ப் பாத்திரத்தில் உருக்கித் தேய்ப்பது அதைவிட எளிது. கடையில் விற்கும் கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயில் விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகளைச் சேர்ப்பதால் அது பொம்மைச் சாமானுக்கு ஆகாது. மஞ்சள் கரைத்துப் பூசலாமே என்று தோன்றும், நானும் பூசினேன். வெளிச்சத்தில் சில வாரங்களில் வெளுத்ததோடு, சோப்புக் கையுடன் குழந்தை தொட்ட இடங்கள் எல்லாம் குங்குமமாகச் சிவந்தன. சுண்ணாம்போடு சேர்ந்த மஞ்சள் சிவந்து ஆரத்தியாவதும் அதே வினைதான். பழுப்பு நிறம் போதுமென்றால், கெட்டியான தேயிலைச் சாயம் இரண்டு முறை பூசினால் நிலைத்து நிற்கும்.

பூச்சு காய்ந்த பின் நாடா பின்னலாம். 2 செ.மீ. அகலமுள்ள பருத்தி நாடா 15 மீட்டர் வாங்குங்கள். முதலில் நீளவாக்கில் எட்டுச் சுற்றுகள் இறுக்கிச் சுற்றி, பிறகு குறுக்குவாக்கில் ஒன்று விட்டு ஒன்றாக மேலும் கீழும் நுழைத்து வாருங்கள். ஏறத்தாழப் பதினேழு சுற்றுகள் வரும். தொடக்கத்தையும் முடிவையும் அடிப்பக்கத்தில் ஊசி நூலால் தைத்துவிட வேண்டும். இறுக்கம் சட்டங்களை உள்நோக்கி இழுக்கும் என்பதால்தான் ஒன்றரை செ.மீ. கனம் சொன்னேன், ஒரு செ.மீ. சட்டத்தில் பின்னினால் கட்டிலின் இடுப்பு ஒடுங்கிவிடும்.

துணிப்பொம்மை நாற்காலிக்கு மூன்று அளவுகளே முக்கியம். குதிகாலிலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை உட்காரும் உயரம். இடுப்பின் பின்புறத்திலிருந்து அந்த மடிப்பு வரையுள்ள நீளத்தில் ஒரு செ.மீ. குறைத்தது இருக்கையின் ஆழம்; முதுகுச் சாய்மானம் கழுத்தைத் தாண்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணிப்பொம்மையின் தலை பின்னால் தொங்கும். இருக்கையின் முன்பக்கத்தை அரை செ.மீ. உயர்த்தினால் பொம்மை முன்னால் சரியாது.

ஊஞ்சலுக்கு 18க்கு 9 செ.மீ. பலகையும், அதன் நான்கு மூலைகளில் துளைகளும், பருத்திக் கயிறும் போதும். செட்டிநாட்டு வீடுகளின் பித்தளைச் சங்கிலி அழகுதான் என்றாலும், சிறிய வளையங்களில் பிஞ்சு விரல் சிக்கும். தாங்கும் சட்டகம் 28 செ.மீ. உயரம் என்றால், அதன் பாதக்கட்டைகள் ஊஞ்சல் ஆடும் திசையில் 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கயிற்றைத் தேவைக்கு மேல் தொங்க விடாதீர்கள். அது கழுத்தில் சுற்றும்.

மணை, குட்டி அலமாரி, ஐந்து அறைகள் கொண்ட அஞ்சறைப்பெட்டி ஆகியவற்றை மிஞ்சிய துண்டுகளிலேயே செய்துவிடலாம். குடம், உரல், அண்டா போன்ற உருண்டைச் சொப்புகள் கடைசல் வேலையைச் சேர்ந்தவை. அம்பாசமுத்திரத்திலும் கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்திலும் சுழலும் மரத்தின் மீது அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே வண்ணம் ஏற்றுகிறார்கள்; அவற்றை அவர்களிடம் வாங்கிக்கொள்வதே முறை. எதுவானாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், 32 மி.மீ. குறுக்களவுள்ள வட்டத்தை அட்டையில் வெட்டி, ஒவ்வொரு பொருளையும் அதில் நுழைத்துப் பாருங்கள். நுழைவது எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியது என்பதால், அதைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்துக் கட்டிலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாடா தொய்ந்திருக்கும், அடியில் தையலைப் பிரித்து, இழுத்து இறுக்கி, மறுபடி தைத்துவிட்டால் அதன் பிறகு நெடுநாள் தொய்வதில்லை.