நம் ஊர் வெப்பத்தில் இஞ்சி பீர்: முதன்முறை செய்வோரின் அச்சங்களும் தவறுகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், தகரக் கூரைக்குக் கீழே பகலில் 32 பாகை செல்சியஸைத் தொடும் சமையலறையில், இஞ்சி பீரைப் புளிக்க வைப்பது எளிது. புளிப்பை உரிய நேரத்தில் நிறுத்துவதுதான் கடினம். கிடைக்கும் செய்முறைகளில் பல குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றில் ஐந்து நாள் என்றிருப்பது இங்கே ஒன்றரை நாளில் முடிந்துவிடும். ஆகவே நாள்கணக்கை ஒதுக்கிவிட்டு, போத்தலை அடிக்கடி தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதலில் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். உரிமமின்றி மதுபானம் தயாரிப்பதை 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், வாற்கோதுமை பீரைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. குறுகிய நேரம் புளிக்க வைத்து, குளிரூட்டிக் குடிக்கும் இஞ்சிப் பானத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில், புளிப்பைத் தொடங்கிவைக்கும் உறை தயாராக வேண்டும். கொதிக்க வைத்து ஆறவிட்ட 250 மில்லிலிட்டர் நீரில், தோலுடன் துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டியும் சீனி ஒரு மேசைக்கரண்டியும் கலந்து, துணியால் வாய்கட்டி வைத்து, நாள்தோறும் அதே அளவு இஞ்சியும் சீனியும் சேர்த்து வந்தால் மூன்று முதல் ஐந்து நாளில் நுரை கட்டும். "என் உறை பொங்கவே இல்லை" என்று வருந்துவோரில் பலர் இஞ்சியின் தோலைச் சீவி எறிந்தவர்கள். புளிக்கச் செய்யும் நுண்ணுயிரான ஈஸ்ட் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. மண் போகக் கழுவினால் போதும். நெடுநாள் காய்ந்து கிடந்த இஞ்சியைவிட, பெந்தோங் இஞ்சி போலப் புதிதாகத் தோண்டி எடுத்தது நன்கு வேலை செய்யும். குழாய்நீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் ஈஸ்டை நலிவடையச் செய்யலாம் என்பதால்தான் கொதிக்க வைக்கச் சொல்கிறேன்.

இரண்டு லிட்டர் பானத்துக்கு 150 கிராம் இஞ்சியை நசுக்கி, ஒரு லிட்டர் நீரில் கால்மணி நேரம் கொதிக்க விட்டு, 160 கிராம் சீனியைக் கரைத்து வடிகட்டுங்கள். பிறகு ஆறிய நீர் ஒரு லிட்டரும், ஆறேழு லீமாவ் கஸ்தூரிப் பழங்களின் (சிறிய எலுமிச்சை வகை) சாறும், 150 மில்லிலிட்டர் உறையும் சேருங்கள். சூடு முற்றும் தணியுமுன் உறையை ஊற்றுவதே இந்தக் கட்டத்தில் நேரும் பெருந்தவறு. சூடு 40 பாகையைக் கடந்தால் ஈஸ்ட் தளரும். 55 பாகையை எட்டினால் மடிந்துவிடும். விரலை உள்ளே விட்டால் சூடே தெரியாத நிலை வரும்வரை காத்திருங்கள். எலுமிச்சை வகைச் சாறு உலோகத்தை அரிக்கும் என்பதால், வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளை அண்டா இருந்தாலும் எவர்சில்வர் பாத்திரத்தையே எடுங்கள். உடல்நலம் கருதிச் சீனியைப் பாதியாகக் குறைக்க விரும்புவோர், ஈஸ்டின் உணவே அதுதான் என்பதையும், செயற்கை இனிப்பூட்டியால் நுரை எழாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பானத்தில் சீனியின் பெரும்பகுதி அப்படியே எஞ்சியிருக்கும் என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று.

இனிப் போத்தல். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசவே மாட்டேன். ஒரு கிராம் சீனி முழுவதும் புளித்தால் ஏறத்தாழ கால் லிட்டர் வாயு உண்டாகிறது. சாதாரணச் சோடாவில் லிட்டருக்கு நான்கு லிட்டர் வாயு கரைந்திருக்கிறது என்று கொண்டால், லிட்டருக்கு 80 கிராம் சீனி உள்ள நம் பானம் இருபது லிட்டர் வரை வாயுவை ஈனும் ஆற்றல் உடையது. கண்ணாடிப் போத்தல் அதைத் தாங்காது. என் முதல் முயற்சியில், மூடி வைத்த இரண்டாம் நாள் இரவில் ஒரு கண்ணாடிப் போத்தல் வெடித்து, அடுப்பங்கரைச் சுவர்வரை சில்லுகள் சிதறின. பிள்ளைகள் அப்போது அங்கு இல்லாததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆகவே காலியான சோடா பிளாஸ்டிக் போத்தல்களையே எடுங்கள். அவற்றில் கொதிநீரை ஊற்றினால் உருக்குலைந்துவிடும். சவர்க்கார வாசம் போகுமட்டும் வெதுவெதுப்பான நீரில் அலசினால் போதும். மூன்று விரற்கடை இடம் விட்டு நிரப்பி, மூடி, ஒரு வாளிக்குள் நிறுத்தி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். புதிய சோடாப் போத்தல்போல் கல்லாக இறுகியவுடன் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் வெப்பத்தில் அதற்கு 24 முதல் 36 மணி நேரம் ஆகும். குளிர் ஈஸ்டை மந்தப்படுத்துமே தவிரக் கொல்லாது. ஆதலால் ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள். இடையில் மூடியைச் சற்றே தளர்த்தி வாயுவை வெளியேற்றி வாருங்கள்.

உறையின் மேல் மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் அதை அகற்றிவிட்டுத் தொடரலாம். பஞ்சுபோல் மயிர்விட்ட பூஞ்சை, பச்சையோ கறுப்போ, தென்பட்டால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். அடியில் படியும் வண்டல் கெடுதலன்று.

"இது சாராயம் ஆகிவிடுமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். ஆகவே அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சீனியும் இஞ்சியும் புளிப்பதால் அத்தகைய மெத்தனால் நஞ்சு உண்டாவதில்லை. ஆனால் சாதாரண மதுச்சத்து உண்டாகும்: லிட்டருக்கு 17 கிராம் சீனி முழுதும் புளித்தால் ஏறத்தாழ 1 விழுக்காடு. சொன்ன நேரத்தில் குளிரூட்டினால் அளவு குறைவாகவே இருக்கும். வெளியில் மறந்து வைத்துவிட்டால் 4 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். எனவே குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் கொடுக்காதீர்கள். அண்டை வீட்டு முஸ்லிம் நண்பர்கள் தீபாவளிக்கு வரும்போது, இதை அவர்கள் முன் வைக்காமல், காய்ச்சிய இஞ்சிநீரில் லீமாவ் பிழிந்து தனியாகக் கொடுங்கள்.