அப்பாவின் கால் வலுவை அளக்க ஒரு நாற்காலியும் முப்பது விநாடியும் போதும்

என் அப்பாவுக்கு வயது 76. தபால்காரராக 34 ஆண்டுகள் சைக்கிள் மிதித்தவர். சென்ற ஆண்டு ஆனி மாதம் வந்த காய்ச்சல் அவரைப் பதினொரு நாள் கட்டிலில் கிடத்திவிட்டது. காய்ச்சல் விட்ட பிறகு பார்த்தால், நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தி, உடம்பை முன்னும் பின்னுமாக ஆட்டி, மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தார். அம்மா ஓடி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். "வயதாகிவிட்டதல்லவா" என்றார்.

நான் இயன்முறை மருத்துவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சொல்லைக் கேட்டு வருகிறேன். அன்று என்னிடம் அதற்குப் பதிலாக ஓர் எண் இருந்தது. தை மாதத்தில் அளந்தபோது அப்பா முப்பது விநாடியில் 12 முறை எழுந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சலுக்குப் பின் 5. ஐந்து மாதத்தில் வயது ஐந்து மாதம்தான் கூடும். மீதிக் குறைவுக்குக் காரணம் காய்ச்சலும் அந்தக் கட்டிலும். அந்த எண் கையில் இருந்ததால்தான் எதை மீட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் எண் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தச் சோதனையை ஜெசி ஜோன்ஸ், ரோபர்ட்டா ரிக்லி ஆகியோர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதியவர்களுக்காக உருவாக்கி 1999இல் வெளியிட்டார்கள். கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் நாற்காலியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் அதிகம் தவறு காண்பது இங்கேதான். உட்காரும் பலகை தரையிலிருந்து 43 சென்டிமீட்டர், அதாவது 17 அங்குலம் இருக்க வேண்டும். தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். சோபா உதவாது, மெத்தை உள்வாங்கும். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். அது டைல்ஸ் தரையில் வழுக்கும், காலும் வளையும். கைப்பிடி இல்லாத மர நாற்காலி நல்லது. அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மா குள்ளமானவராக இருந்து பாதம் முழுதாகத் தரையில் படியவில்லை என்றால் சற்றுத் தாழ்வான இருக்கையை எடுத்து, அதன் உயரத்தையும் எண்ணோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

உடை முக்கியம். புடவைக் கொசுவம் பாதத்தின் கீழ் மாட்டி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுடிதார் அணிவது நல்லது. இல்லாவிட்டால் புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகச் சொல்லுங்கள். வேட்டியை மடித்துக் கட்டினால் போதும். வெறுங்காலோடு, ஈரமில்லாத தரையில் செய்ய வேண்டும். காலையில் எழுந்தவுடன் வேண்டாம், முட்டி விறைத்திருக்கும். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். நான் மாலை ஐந்து மணிக்குச் செய்கிறேன்.

நாற்காலியின் நடுவில் முதுகு நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். முதுகு சாய்மானத்தைத் தொடக் கூடாது. பாதங்கள் தோள் அகலத்துக்கு விரிந்து, முட்டிக்குச் சற்றுப் பின்னால் தள்ளி இருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டி, உள்ளங்கைகளைத் தோள்களில் வைக்கட்டும். முதலில் ஒன்றிரண்டு முறை ஒத்திகை பார்த்து, ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். பிறகு "தொடங்குங்கள்" என்று சொல்லிக் கைபேசியில் நேரத்தை ஓடவிடுங்கள். முழுதாக நிமிர்ந்து நின்றால்தான் ஒன்று என்று எண்ண வேண்டும். முட்டி மடங்கியபடியே பாதியில் திரும்பி உட்கார்ந்தால் அது கணக்கில் சேராது. முப்பதாவது விநாடியில் பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், கை எட்டும் தொலைவில் நில்லுங்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, எண்ணிக்கையை அவரையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

நெஞ்சு வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, முட்டியில் குத்தும் வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். அண்மையில் இடுப்பு, முட்டி, இதய அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

விதிப்படி, கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் மதிப்பெண் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. முயன்று எழுந்த மனிதரிடம் பூஜ்யம் என்றால் அடுத்த மாதம் அவர் உட்காரவே மாட்டார். நோட்டுப் புத்தகத்தில் "கையூன்றி 6" என்று தனியாக ஒரு பத்தி போட்டு எழுதுகிறேன். அது 6இலிருந்து 9 ஆவதும் முன்னேற்றம்தான்.

எண்ணுக்கு என்ன பொருள்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 65 முதல் 69 வயது ஆணுக்கு 12க்குக் கீழும் பெண்ணுக்கு 11க்குக் கீழும் போனால் சராசரிக்குக் குறைவு. விழும் ஆபத்து கூடுதல். 70 முதல் 74 வரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. இவை அமெரிக்க முதியவர்களை அளந்து வகுத்தவை என்பதால் எல்லைக்கோட்டில் நிற்பவரைப் பயமுறுத்த வேண்டாம். ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு ஒன்று 2019இல் வேறு அளவு சொன்னது: ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். இரண்டையும் விட, அவருடைய சென்ற மாத எண்ணையே நான் பெரிதாக நம்புகிறேன்.

கட்டிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1966இல் டாலஸ் நகரில் ஆரோக்கியமான இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி அளந்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் முப்பது ஆண்டு மூப்பில் குறைந்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையில் அதிகமாகக் குறைந்திருந்தது. 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், நோயில்லாத முதியவர்கள் பத்து நாள் படுத்திருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிற்று. எனவே வீட்டில் முதியவர் யாராவது காய்ச்சலில் படுத்தால், மருத்துவர் தடை சொல்லாதவரை, பகலில் மணிக்கொரு முறை கட்டில் விளிம்பில் உட்கார வையுங்கள். முடிந்தால் இரண்டு முறை எழுந்து நிற்கட்டும். கஞ்சியைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல், மேசைக்கு அவரை அழைத்து வாருங்கள். அப்பா படுத்திருந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன். இதைத் தொலைபேசியில் அழுத்திச் சொல்லாமல் விட்டது இன்னமும் மனதை உறுத்துகிறது.

லண்டனில் ஜெரி மாரிஸ் 1953இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் மாடி பஸ் ஓட்டுநர்களைவிட, அதே பஸ்ஸின் மாடிப்படியில் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார். தபால்காரர்களையும் மேசையில் அமர்ந்து வேலை செய்த அஞ்சல் ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் அப்படியே. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. ஆனால் அன்று மிதித்த சைக்கிள் இன்றைய தொடைக்கு வலு தராது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

மீட்டது இப்படித்தான். முதல் வாரம் நாற்காலியின் மேல் ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டேன். இருக்கை உயர்ந்தால் எழுவது எளிது. எழும் முன் மூக்கு கால் விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயச் சொன்னேன். முதுகை நேராக வைத்துக்கொண்டு எழ முயல்வதால்தான் பலருக்கு முடிவதில்லை. எட்டு முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு, மறுபடி ஓய்வு, மறுபடி எட்டு. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். உட்காரும்போது பொத்தென்று விழக் கூடாது, மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டு இறங்க வேண்டும். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் அந்த இறக்கத்தில்தான் பாதிப் பயிற்சி இருக்கிறது. மூன்றாம் வாரம் ஜமுக்காளத்தை எடுத்துவிட்டேன். ஆறாம் வாரம் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். இடையிடையே சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து முறை. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் பாரம் போதவில்லை.

இந்த வயதில் பாரமா என்று அம்மா பதறினார். மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் 1990இல் பாஸ்டனில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடுமையான கால் பயிற்சி கொடுத்தார். முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. மேற்பார்வையோடு, படிப்படியாக ஏற்றிய பாரம் அது.

சாப்பாட்டில் ஒரே மாற்றம் செய்தேன். இரவு வெறும் ரசம் சாதம் என்றிருந்ததை நிறுத்தி, புரதத்துக்காகப் பருப்போ முட்டையோ சுண்டலோ ஒன்றைக் கட்டாயமாக்கினேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதையும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

பிறகு அம்மாவிடம், அப்பா எழும்போது கைகொடுக்க வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே நாற்காலி, அதே மாலை ஐந்து மணி. அப்பாவின் நோட்டில் 5, 7, 10, 11 என்று இருக்கிறது. சென்ற மாதம் முதல் அதற்குப் பக்கத்தில் அம்மாவின் பத்தியும் தொடங்கியிருக்கிறது: 9.