லினக்ஸ் விளையாட்டுகளில் மவுஸும் விசைப்பலகையும் சொன்னபடி கேட்க

விடுமுறைக்கு மன்னார்குடி வந்திருந்த அண்ணன் மகன், என் லினக்ஸ் மடிக்கணினியில் ஸோனாட்டிக் (Xonotic) என்ற சுடும் விளையாட்டை விளையாட உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே, “நடந்தா திரும்ப முடியல சித்தப்பா” என்றான். பழுது விளையாட்டில் இல்லை. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டுச் சுட்டி ஓடிவிடக் கூடாது என்பதற்காக, விசைகளை அழுத்தும் வேளையில் டச்பேடை முடக்கி வைப்பது, லினக்ஸில் மவுஸ், விசைப்பலகை, டச்பேடைக் கையாளும் லிப்இன்புட் (libinput) நூலகத்தின் இயல்பான ஏற்பாடு. எழுதுகிறவருக்கு வசதியான அது, டபிள்யூ விசையை அழுத்திக்கொண்டே திரும்ப வேண்டிய விளையாட்டில் கையைக் கட்டிப்போடுகிறது. அமைப்புகளில் டச்பேட் பகுதிக்குச் சென்று அந்தத் தெரிவை நீக்கிவிடலாம். ஆயினும், எவ்வளவு மலிவான மவுஸும் டச்பேடைவிட மேல் என்பதே என் கருத்து.

மவுஸ் வந்தபின் பார்க்க வேண்டியது முடுக்கம். ஒரே தூரத்தை மெதுவாகக் கடந்தால் சுட்டி குறைவாகவும், வெடுக்கென்று இழுத்தால் அதிகமாகவும் நகரும். கோப்புகளைத் திறக்க அது உதவும், குறிபார்க்க உதவாது. சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். அதை மவுஸின் ஓரமாக வைத்து, விளையாட்டில் குறியை ஒரு தூணின் மேல் நிறுத்தி, மவுஸை 10 செ.மீ. வலப்பக்கம் மிக மெதுவாக நகர்த்திவிட்டு, அதே தூரத்தை விசுக்கென்று திரும்ப இழுக்க வேண்டும். குறி தூணுக்கே வந்து நின்றால் முடுக்கம் இல்லை. தூணைத் தாண்டி இடப்பக்கம் போனால் இருக்கிறது. (கண்ணாடி மேசையில் சோதித்துவிட்டு மென்பொருளைத் திட்டக் கூடாது.) விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் எஸ்டிஎல் (SDL) நூலகத்தின் சார்பு நகர்வு முறையை, அதாவது சுட்டியின் இடத்தை விட்டு நகர்ந்த அளவை மட்டும் பார்க்கும் முறையை, கையாளும் விளையாட்டுகள் மவுஸின் மூல அளவையே எடுத்துக்கொள்வதால், அவற்றில் பெரும்பாலும் இத்தொல்லை இராது. மற்றவற்றுக்கு, உங்கள் லினக்ஸின் மேசைச்சூழல் நோம் (GNOME) என்றால் அதன் அமைப்புகளில் முடுக்கத்தை அணைக்கலாம். கேடிஇ (KDE) என்றால் அதன் மவுஸ் அமைப்புகளிலும் அப்படியே செய்யலாம். முனையத்தில் எக்ஸ்இன்புட் (xinput) கட்டளையால் செய்த மாற்றம், வெளியேறி மீண்டும் நுழைந்தால் நிலைக்காது. பழைய வழிகாட்டிகள் சொல்லும் எக்ஸ்செட் (xset) கட்டளை, லிப்இன்புட் ஆளும் மவுஸை ஒன்றும் செய்யாது.

விசைப்பலகையில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் (IBus) மென்பொருளில் தமிழ்99 விசை அமைப்பு இயங்கும்போது டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நடை விசைகள் ஈ, அ, இ, உ ஆகிவிடுகின்றன. விசையின் இடத்தைப் பார்க்கும் விளையாட்டு தப்பிக்கும். எழுத்தைப் பார்ப்பதில் ஆள் நட்ட மரமாக நிற்பான். ஆகவே ஆங்கிலத்துக்கு மாறிய பிறகே விளையாட்டைத் திறக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ (Xfce) மேசைச்சூழலில் ஆல்ட் விசையுடன் மவுஸை அழுத்தினால், விளையாட்டுக்குப் போக வேண்டிய கட்டளை போகாமல் சாளரம் நகரும் என்பதால், சாளர மேலாளரின் நுணுக்க அமைப்புகளில் அதற்குரிய விசையை சூப்பர் (விண்டோஸ் சின்னமுள்ள விசை) என்று மாற்றிவிட வேண்டும்.

விளையாட்டு சுட்டியைப் பிடித்துக்கொண்டு உறைந்துவிட்டால், மின்பொத்தானில் கை வைக்க வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கறுப்புத் திரையில் உள்நுழைந்து, கில்ஆல் (killall) கட்டளையோடு விளையாட்டு நிரலின் பெயரைக் கொடுத்தால் அது பெரும்பாலும் முடிந்துவிடும். பிறகு கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்1, எஃப்2, எஃப்7 ஆகியவற்றில் ஒன்றை அழுத்தினால் பெரும்பாலும் வரைகலைத் திரை காத்திருக்கும்.